அபூர்வ காரும் அஞ்சு ரூபா போல்ட்டும்

"அண்ணே, செகண்ட் ஹேண்டுல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வருது. மொத்தமே நூத்துக்கணக்குலதான் செஞ்சாங்களாம். புதுசுல வித்த விலையில பாதிகூட இல்லை. எடுத்துடலாமா?"

ஹிஞ்சவடியில் பொட்டி தட்டும் நம்மூர்த் தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி. புனேயில் இருக்கிற நம்ம ஆளுங்க கிட்டேயிருந்து வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை இப்படி ஒண்ணு வந்துடும். நான் சாக்கன் பக்கம் வண்டிக்குப் பாகங்கள் செய்யுற கம்பெனியில் ஆணி புடுங்குறவன். அதனால எனக்குத் தெரியும்னு ஒரு நம்பிக்கை. தம்பிக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சேர்த்து இங்கே சொல்லிடறேன்.

முதல்ல என் கருத்து. வீட்டுக்கு இருக்கிற ஒரே காரா, கடன் வாங்கி, குறைஞ்ச எண்ணிக்கையில் செஞ்ச ஸ்போர்ட்ஸ் காரை வாங்காதீங்க. அது மோசமான காராத்தான் இருக்கணும்னு இல்லை. ரொம்ப நல்ல காராவே இருக்கலாம். ஆனா அதோட உண்மையான விலை அதன் உதிரி பாகத்தில் இருக்கு. விற்கிறவர் காட்டுற சீட்டில் அந்த விலை இருக்காது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அச்சுக் கணக்கு

ஒரு பாகத்தைச் செய்ய அச்சு வேணும். டைன்னு சொல்லுவோம். அந்த அச்சுக்கு 20 லட்சம் ரூபாய் ஆகுதுன்னு சும்மா ஒரு கணக்குக்கு வெச்சுக்குங்க. ஒரு லட்சம் வண்டி செஞ்சா ஒரு வண்டி தலையில் விழறது 20 ரூபாய். வெறும் 100 வண்டி செஞ்சா ஒரு வண்டிக்கு 20,000 ரூபாய். ஒரே ஒரு பாகத்துக்கு! ஒரு காரில் இந்த மாதிரி ஆயிரக்கணக்கில் பாகம் இருக்கு.

அதனால சின்ன கம்பெனிக்காரங்க என்ன செய்வாங்க? எதையெல்லாம் வெளியே வாங்க முடியுமோ அதையெல்லாம் பெரிய கம்பெனி வண்டியிலேர்ந்து வாங்கிப்பாங்க. இஞ்சின் ஒருத்தர்கிட்ட, கியர்பாக்ஸ் இன்னொருத்தர்கிட்ட, பிரேக் வேற ஒருத்தர்கிட்ட. உடம்பை மட்டும் இரும்பு அச்சு இல்லாம ஃபைபரில் கையாலேயே போட்டுடுவாங்க.

ஆக, இந்த மாதிரிக் காரில் மூணு விதமான பாகங்கள் இருக்கும். ஒண்ணு, அப்படியே கடன் வாங்கினது. இது சல்லிசு, மூலக் கம்பெனி வண்டிக்குக் கிடைக்கிற வரை இதுக்கும் கிடைக்கும். ரெண்டு, இந்தக் காருக்குன்னே செஞ்சது. இது கிடைச்சா உண்டு, இல்லேன்னா இல்லை. மூணாவதுதான் வில்லங்கம். கடன் வாங்கி, கொஞ்சம் வெட்டி ஒட்டி மாத்தினது. பார்த்தா கடையில் கிடைக்கிற பாகம் மாதிரியே இருக்கும். வாங்கிட்டு வந்து மாட்டினா ரெண்டு மில்லிமீட்டர் உட்காராது.

ரிப்பேர் செலவு எவ்வளவு ஆகும்னு யாராவது கேட்டா, எந்தப் பாகம் இந்த மூணில் எந்த வகைன்னு கேட்காம பதில் சொல்ல முடியாது.

எவர்சில்வர் கார் கதை

இதுக்கு நல்ல உதாரணம் டெலோரியன். 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் காலத்தைக் கடந்து பறக்குமே, கதவு ரெண்டும் மேலே தூக்கிக்கிட்டு நிக்குமே, அதேதான். நிஜப் பேர் டிஎம்சி-12. ஜெனரல் மோட்டார்ஸில் பெரிய பதவியில் இருந்த ஜான் டெலோரியன், பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பணத்தோட வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் பக்கம் டன்மரியில் தொழிற்சாலை போட்டார். 1981 ஜனவரியில் வண்டிகள் வர ஆரம்பிச்சது. 1982 பிப்ரவரியில் கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போயிடுச்சு. அந்த வருஷக் கடைசியோட கதை முடிஞ்சுது. மொத்தம் செஞ்சது சுமார் 9,000. படம் வந்ததே 1985-ல்தான், கம்பெனி செத்து மூணு வருஷம் கழிச்சு.

9,000 நிறையன்னு தோணலாம். மாருதி ஒரே மாடலில் ஒரே மாசத்தில் அதைவிட அதிகம் வித்துடும்.

இந்தக் காரை ஏன் எடுத்துக்கறேன்னா, நாற்பது வருஷத்துக்கு மேல ஓடி, எது எது எப்போ போகும்னு ஊருக்கே தெரிஞ்சு போன வண்டி இது. வரிசையா பார்ப்போம்.

இஞ்சின் பின்னாடி. பியூஜோ, ரெனோ, வால்வோ மூணு பேரும் சேர்ந்து உருவாக்கின 2.85 லிட்டர் வி6, அமெரிக்காவுக்குப் போனதில் 130 குதிரைத்திறன். அதே குடும்பத்து இஞ்சின் வால்வோவிலும் பியூஜோவிலும் நிறைய ஓடினதால உள்பாகங்கள் கிடைச்சது. இது முதல் வகை, நல்ல செய்தி. ஆனா ரேடியேட்டர் முன்னாடி இருக்கு. தண்ணி வண்டிக்கு அடியில் நீளக் குழாய் வழியா போய் வரணும். நடுவில் காத்து மாட்டிக்கிட்டா இஞ்சின் சூடேறும். அந்தக் காலத்து பிளாஸ்டிக் கூலன்ட் பாட்டில் விரிசல் விடும். அலுமினிய இஞ்சின் ஒரு தடவை நல்லா கொதிச்சா கேஸ்கட் காலி, அதோட நிக்கலேன்னா ஹெட்டே வளைஞ்சுடும். பாட்டில் விலை கொஞ்சம்தான். அதை மாத்தாம விட்டதுக்கு வர்ற பில்லைப் பார்த்தாத்தான் தலை சுத்தும்.

வாட்டர் பம்ப் எங்கே இருக்குன்னு கேளுங்க. வி வடிவத்தின் நடுப் பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். பம்ப் ஒரு சின்ன சாமான். அதைத் தொட மேலே இருக்கிறதை எல்லாம் கழட்டணும். அந்தப் பள்ளத்தில் இலையும் குப்பையும் ஈரமும் சேர்ந்தா பிளாக்கையே அரிச்சுடும். உரிமையாளர்கள் அதுக்கு 'மரணப் பள்ளத்தாக்கு'ன்னே பேர் வெச்சிருக்காங்க!

அடுத்து பெட்ரோல். பாஷ் கே-ஜெட்ரோனிக் இன்ஜெக்ஷன், முழுக்க மெக்கானிக்கல். ஓட்டிக்கிட்டே இருந்தா நல்லா வேலை செய்யும். ஷெட்டில் போட்டு மூடி வெச்சா, பழைய பெட்ரோல் பிசினாகி உள்ளே இருக்கிற நுண்ணிய துவாரங்களை அடைச்சுடும். டேங்குக்குள்ளே இருக்கிற பம்பின் ரப்பர் குழாய் இளகிடும். "ரொம்பக் கம்மியா ஓடின வண்டி சார்"னு விற்கிறவர் பெருமையா சொல்லுவார். இந்த மாதிரி வண்டியில் எனக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. பெட்ரோல் சிஸ்டம் மொத்தத்தையும் பிரிச்சு மேய வேண்டியிருக்கும்.

இப்போ தலைப்புக்கு வந்த போல்ட். பின் சக்கரத்தைத் தாங்குற ட்ரெயிலிங் ஆர்மை சேசிஸோட பிடிச்சிருக்கிற நீள போல்ட், பக்கத்துக்கு ஒண்ணு. நாளாக நாளாக வளையும், சிலது உடைஞ்சும் போகும். வேகமா போகும்போது உடைஞ்சா பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். இந்தக் காரை வாங்கின எவரும் முதல்ல மாத்துறது இதைத்தான். அதுக்குன்னே உறுதியான உலோகக் கலவையில் போல்ட் செஞ்சு விக்கறாங்க. மத்த வேலையோட ஒப்பிட்டா இதுக்கு ஆகற செலவு ஒண்ணுமே இல்லை, உயிருக்குப் பாதுகாப்பு. பழைய போல்ட் துருப்பிடிச்சு உள்ளேயே ஒட்டிக்கிட்டிருந்தா மட்டும் அறுத்து எடுக்கணும், அப்போ கூலி ஏறும்.

ஸ்பீடோமீட்டர் வேலை செய்யாம போறது இன்னொண்ணு. இடது முன் சக்கரத்தில் ஒரு குட்டி கியர் பெட்டி கேபிளைத் திருப்பி விடும். கிரீஸ் காஞ்சா அது போச்சு. ஆரம்ப வண்டிகளில் ஆல்டர்னேட்டர் சக்தி பத்தாது. ஏசி, ஃபேன், லைட் எல்லாம் போட்டா பேட்டரி இறங்கும். கதவுப் பூட்டுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி கோளாறானா பூட்டின் சாலினாய்டு கருகும். கதவு திறக்கலேன்னா ஜன்னல் வழியா வெளியே வரலாமேன்னு நினைக்காதீங்க. அந்தக் காரில் கண்ணாடி இறங்குறது டோல் கேட்டில் காசு குடுக்கிற அளவுக்குத்தான் :-)

கதவைத் தூக்குறது ஒரு முறுக்குக் கம்பி. விமானக் கம்பெனியான கிரம்மன் செஞ்சு குடுத்தது, கடுங்குளிரில் முறுக்கி எடுத்தது. இது ரெண்டாம் வகைப் பாகம். அதோட துணைக்கு ஒரு கேஸ் ஸ்ட்ரட், நம்ம டிக்கி கதவில் இருக்கே, அந்த மாதிரி. கதவு கீழே தொங்க ஆரம்பிச்சா தப்பு பெரும்பாலும் ஸ்ட்ரட்டில்தான். அதை மாத்தினா போதும். தெரியாத மெக்கானிக் முறுக்குக் கம்பியில் கை வெச்சா கம்பிக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து.

கடைசியா உடம்பு. வெளியே பெயின்ட் கிடையாது, 304 வகை எவர்சில்வர். உள்ளே ஃபைபர். அதுக்கும் அடியில் சாதா இரும்பு சேசிஸ், மேலே எபாக்ஸி பூச்சு. பூச்சு எங்கேயாவது விரிஞ்சா தண்ணி உள்ளே போய் கண்ணுக்குத் தெரியாம இரும்பைத் தின்னும். வெளியே எவர்சில்வர் பளபள, உள்ளே துரு. சரி, எவர்சில்வர் உடம்பில் நசுங்கினா? சாதா கார்னா பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சுடுவாங்க. இதில் பட்டி போட முடியாது. உலோகத்தையே நிமித்தி, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் மாதிரியானதால ஒரே திசையில் தேய்ச்சு, பழைய கோடுகளோட சேர்க்கணும். அந்தக் கை எல்லாருக்கும் வராது.

அப்புறம் எப்படி இன்னும் ஓடுது?

இதுதான் முக்கியமான இடம். கம்பெனி செத்துப் போன 1982-க்கு அப்புறம் இந்தக் கார்கள் எல்லாம் காயலான் கடைக்குத்தான் போயிருக்கணும். போகலை. காரணம், தொழிற்சாலையில் மிஞ்சின உதிரி பாகங்கள் மொத்தத்தையும் அமெரிக்காவில் ஓஹையோவில் ஒரு நிறுவனம் வாங்கி வெச்சுது. 1990-களின் கடைசியில் டெக்சஸில் ஹூஸ்டன் பக்கம் இந்தக் காரை மட்டுமே ரிப்பேர் செய்துக்கிட்டிருந்த ஒருத்தர், ஸ்டீஃபன் வின், அந்தச் சரக்கைக் கையில் எடுத்தார். டெலோரியன் பேரும் இப்போ அவங்க கம்பெனிக்குத்தான். தீர்ந்து போன பாகங்களை மறுபடி செய்யவும் ஆரம்பிச்சாங்க.

அதே சமயம், எவர்சில்வர் பலகைகளை அடிச்ச அச்சுகள் சில அயர்லாந்துக் கடலோரத்தில் மீன் பண்ணை வலைகளுக்கு நங்கூர எடையா கடலில் இறங்கிடுச்சு. ஆக, சரக்கில் இருக்கிற கடைசிப் பலகை வித்துப் போனா அடுத்ததைப் பழையபடி அடிக்க வழி இல்லை.

அபூர்வ கார் ஒண்ணு ஓடுறதுக்கு அதைச் செஞ்ச கம்பெனி உயிரோட இருக்கணும்னு அவசியம் இல்லை. அதன் சாமான்களை யாராவது ஒருத்தர் பத்திரமா வெச்சிருக்கணும், பழுது பார்த்த அனுபவத்தை ஊரோட பகிர்ந்துக்கணும். அது ரெண்டும் இருக்கிற காரா இல்லாத காரான்னு பார்க்காம விலையை மட்டும் பார்க்கிறவங்களைத்தான் நான் தடுக்கறேன்.

இன்னொரு கோடியில் மெக்லாரன் எஃப்1. மொத்தமே 106. கம்பெனி உயிரோட இருக்கு, பாகம் இல்லேன்னா செஞ்சே குடுப்பாங்க. அந்தக் காரைப் பரிசோதிக்க 1990-களின் காம்பேக் லேப்டாப்பை இன்னும் பயன்படுத்தறாங்கன்னு 2016-ல் செய்தி வந்தது. 'மிஸ்டர் பீன்' நடிகர் ரோவன் அட்கின்சன் 2011-ல் தன்னோட எஃப்1-ஐ மரத்தில் மோதினார். சரி செய்ய இன்ஷூரன்ஸ் குடுத்தது 9,10,000 பவுண்டு. பைத்தியக்காரத்தனம்னு தோணும். ஆனா 2015-ல் அதே காரை அவர் 80 லட்சம் பவுண்டுக்கு வித்தார். ரிப்பேர் செலவை விலையேற்றம் விழுங்கிடுச்சு. "அபூர்வ கார் ஒரு முதலீடு"ன்னு சொல்றவங்க இந்தக் கதையைத்தான் சொல்லுவாங்க. எல்லா அபூர்வ காரும் எஃப்1 இல்லைங்கறதைச் சொல்ல மாட்டாங்க.

நம்ம ஊர் சமாச்சாரம்

நம்ம நாட்டிலும் முயற்சி நடந்திருக்கு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். 2000 வாக்கில் பேசப்பட்ட சான் ஸ்டார்ம், ரெண்டு சீட், ஃபைபர் உடம்பு, ரெனோவின் 1.2 லிட்டர் இஞ்சின், 60 குதிரைத்திறன். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், வேகத்தில் சாது. அப்புறம் டிசி அவந்தி. 2012 தில்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினாங்க, 2015-ல் கைக்கு வந்தது. நடுவில் வெச்ச ரெனோ 2 லிட்டர் டர்போ, 250 குதிரைத்திறன், விலை சுமார் 36 லட்சம். இந்தப் பக்கம் இன்னும் கண்ணில் படும்.

அவந்தியின் இஞ்சின் நல்ல இஞ்சின். ஐரோப்பாவில் மேகேன் ஆர்எஸ்ஸில் ஓடின குடும்பம். ஆனா இங்கே ரெனோ டஸ்டரில் வந்த 1.5 டீசலும் 1.6 பெட்ரோலும் வேற குடும்பம். "ரெனோ இஞ்சின்தானே, ரெனோ ஷோரூம்ல பார்த்துப்பாங்க"ன்னு தம்பி சொன்னப்போ நான் இதைத்தான் சொன்னேன். கடன் வாங்கின பாகம்னாலும், கடன் குடுத்தவர் நம்ம ஊரில் அந்தச் சரக்கை வெச்சிருக்கணுமே! இல்லேன்னா வெளிநாட்டிலேர்ந்து வரவழைக்கணும். பாகத்தின் விலை, கப்பல் கூலி, சுங்க வரி, அதுக்கும் மேலே காத்திருக்கிற மாசங்கள். அந்த மாசங்களில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிக்கிற வண்டிக்கு பேட்டரியும் டயரும் தனியா சாகும்.

பேப்பர் விஷயம் இன்னும் முக்கியம். 2020 டிசம்பரில் டிசி நிறுவனத்தின் நிறுவனர் மும்பை போலீசாரால் கைது செய்யப்பட்டார். ஒரே வண்டியின் பேரில் பல கடன்கள், ஒரே எண்ணில் ஒண்ணுக்கு மேற்பட்ட பதிவுகள்ங்கறது குற்றச்சாட்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஒரு அவந்தியைப் பிடிச்சதில்தான் விசாரணையே கிளம்பினதா செய்திகள் வந்தது. குற்றச்சாட்டு குற்றச்சாட்டுதான், தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனா வாங்கறவங்க சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் ரெண்டையும் வண்டியில் நேரா பார்த்து ஆர்சியோட ஒத்துப் பார்க்கணும். கடன் பாக்கி இல்லேன்னு பேங்க் குடுத்த காகிதத்தையும் பார்க்கணும். இதைச் செய்யாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு சொல்லுவீங்க. நம்ம ஊர் சாதாரண பாலிசியில் பாகத்தின் தேய்மானத்தைக் கழிச்சுத்தான் குடுப்பாங்க. ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம், ரப்பர் பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம், பத்து வருஷம் தாண்டின வண்டியின் உலோக பாகத்துக்கும் 50 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க்கு ஃபைபர் பம்பர் செஞ்சா 30,000 நம்ம பாக்கெட். தேய்மானம் கழிக்காத பாலிசி பெரும்பாலும் புது வண்டிக்குத்தான். அதோட, ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதம் தாண்டினா மொத்த நஷ்டம்னு முடிவு செஞ்சுடுவாங்க. மதிப்பு வருஷா வருஷம் இறங்குது, பாகத்தின் விலை ஏறுது. சின்ன மோதல்கூட அந்த 75-ஐத் தொட்டுடும். காசு வாங்கிக்கிட்டு வண்டியை விட வேண்டியதுதான்.

பெட்ரோலையும் மறந்துடாதீங்க. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வந்தாச்சு. பழைய வண்டியின் ரப்பர் குழாய், சீல் எல்லாம் அதுக்காகச் செஞ்சது இல்லை. பெரிய கம்பெனின்னா என்ன மாத்தணும்னு கேட்கவாவது ஆள் இருக்கு. மூடின கம்பெனிகிட்ட யாரைக் கேட்கிறது?

வெளியூர்க்காரனுக்கு மட்டும் இருக்கிற கஷ்டம்

சொந்த ஊரில் இருக்கிறவருக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருப்பார், ஷெட் இருக்கும், வண்டி நின்னா தள்ள மச்சான் வருவார். நமக்கு? இன்னிக்கு புனே, ரெண்டு வருஷத்தில் குர்காவ், அப்புறம் ஹைதராபாத். மாநிலம் மாறி 12 மாசத்துக்கு மேல வண்டியை வெச்சிருந்தா அங்கே மறுபதிவு செய்யணும். தடையில்லாச் சான்று வாங்கணும், சாலை வரி மறுபடி கட்டணும், பழைய இடத்தில் கட்டின வரியைத் திரும்ப வாங்க அலையணும். சாதா ஸ்விஃப்டுக்கே இது படுத்தல். அந்த ஊரில் யாரும் பார்த்தே இராத வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினா ஆய்வாளர் முதல்ல சந்தேகமாத்தான் பார்ப்பார்.

அப்புறம் ஊருக்குப் போற பயணம். புனேயிலிருந்து பெங்களூர் 840 கிலோமீட்டர் சுமாருக்கு. அதைத் தாண்டித்தான் நம்ம ஊர். கோலாப்பூரும் பெல்காமும் தாண்டி ஹூப்ளி பக்கம் ராத்திரி நின்னா என்ன செய்வீங்க? ரெண்டு சீட் கார்னா குழந்தையும் தங்கமணியும் ஏற்கெனவே ரயிலில் போயிருப்பாங்க, அது வேற :-) அப்பாவுக்கு உடம்பு முடியலேன்னு விடியக்காலை போன் வந்தா கிளம்புற வண்டி எதுவோ, அதுதான் வீட்டுக்கு வண்டி. பாகம் ஜெர்மனியிலிருந்து வரணும்னு காத்திருக்கிறது வண்டி இல்லை, வீட்டு அலங்காரம்.

ஆசை தப்பா?

தப்பே இல்லை. ஆசைப்பட்டு வாங்கி, தானே கையில் ஸ்பேனர் பிடிச்சு, ஞாயித்துக்கிழமை முழுக்க அடியில் படுத்துக் கிடக்கிறவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெலோரியன் பிழைச்சதே அப்படிப்பட்டவங்களால்தான். ஃபைபர் உடம்பு உடைஞ்சா அச்சு எடுத்து மறுபடி போட நம்ம ஊரில் கை இருக்கு. புஷ், போல்ட், பிராக்கெட் எல்லாம் கோயம்புத்தூர் லேத்துப் பட்டறையில் மாதிரியைக் குடுத்தா செஞ்சுடுவாங்க. சென்னை புதுப்பேட்டையில் தேடினா எந்த வண்டிக்கும் ஏதோ ஒண்ணு அகப்படும். செய்ய முடியாதது இஞ்சினைக் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி, முன் கண்ணாடி, விளக்கு, டர்போ. இது நாலும் கைவசம் உண்டான்னு கேளுங்க. அதுக்குப் பதில் இருந்தா பாதிக் கவலை விட்டுது.

வாங்கியே தீருவேன்கிறவங்களுக்கு என் நிபந்தனைகள்:

1. வீட்டில் ஓடுற இன்னொரு கார் இருக்கணும்.
2. கடன் கூடாது. மாசத் தவணையும் ரிப்பேர் பில்லும் ஒரே மாசத்தில் வந்தா குடும்பத்தில்தான் சூடேறும்.
3. வாங்குற விலையில் கால்வாசியை ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வையுங்க. இது ஆராய்ச்சி முடிவு இல்லை, என் அனுபவக் கணக்கு.
4. அதே காரை வெச்சிருக்கிற ரெண்டு பேரோட பேசுங்க. விற்கிறவர் அறிமுகப்படுத்தினவரா இருக்கக் கூடாது. "கடைசியா எந்த பாகத்துக்கு எவ்வளவு நாள் காத்திருந்தீங்க?"ன்னு மட்டும் கேளுங்க.
5. வண்டியை லிஃப்டில் ஏத்தி அடியில் பாருங்க. சேசிஸ், சஸ்பென்ஷன் போல்ட், பெட்ரோல் குழாய், கூலன்ட் குழாய். பெயின்ட்டைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க.
6. சர்வீஸ் பில் இல்லாத "கம்மியா ஓடின" வண்டி வேண்டாம்.

இந்த ஆறில் ஒண்ணு உதைச்சாலும் விட்டுடுங்க.

ஸ்போர்ட்ஸ் கார்னாலே தொல்லைன்னு நான் சொல்ல வரலை. மாஸ்டா எம்எக்ஸ்-5 ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்தான். 2016-லேயே பத்து லட்சம் செஞ்சு முடிச்சாங்க. அது ஓடுற நாடுகளில் பாகம் மூலைக்கு மூலை கிடைக்கும். ஓட்டுற சந்தோஷம் எண்ணிக்கை குறையறதால வர்றது இல்லை. எண்ணிக்கை குறையறதால வர்றது அடுத்தவர் திரும்பிப் பார்க்கிற சந்தோஷம். ரெண்டில் எதுக்காகக் காசு குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுத்தா எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஓட்டுற ஆசைன்னா, லீவில் ஊருக்குப் போகும்போது சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பயிற்சி நடக்கிற நாள் பார்த்துச் சேருங்க. வண்டி அவங்களோடது, போல்ட் கவலையும் அவங்களோடது. ஒரு டர்போ மாத்துற காசில் எத்தனை நாள் ஓட்டலாம்னு நீங்களே கணக்குப் போடுங்க.

டிஸ்கி: தம்பிக்கு ஆறு கேள்வியையும் அனுப்பிட்டேன். முதல் ரெண்டுக்கே இன்னும் பதில் வரலை. வீட்டுக்காரம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்னார். அந்த அம்மா என்ன சொல்லுவாங்கன்னு எனக்கு ஓரளவு தெரியும்.